கேள்வி கேட்க கவுன்சிலர் இல்லை: காரைக்கால் நகராட்சிக்கு என்ன நஷ்டம்?

காரைக்கால்: தெருவிளக்கு எரியலையா, சாக்கடை அடைச்சுக்கிச்சா, ஜனங்கள் தட்டுவது வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான். காரைக்கால் நகராட்சியில் 2011-ல் கவுன்சில் பதவிக்காலம் முடிந்தபின் பல வருஷம் அந்தக் கதவே இல்லாமல் போனது.

புதுவை மாநிலத்தில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 5 வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம் என்கிறது 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம். 2021-ல் தேதி அறிவித்தும், இட ஒதுக்கீடு விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போனதால் ஓட்டுப்பதிவு நடக்கவில்லை. பக்கத்து நாகப்பட்டினம் நகராட்சிக்கோ 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது.

கவுன்சில் இல்லாவிட்டால் வரி, டெண்டர், குப்பை எல்லாம் அதிகாரி கையெழுத்தோடு சரி. எந்தத் தெருவுக்கு முதலில் ரோடு என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஆள் கிடையாது. தப்பு நடந்தால் ஓட்டுப் போட்டு அதிகாரியை மாற்றவும் முடியாது.

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில், நகராட்சி கவுன்சிலர்கள் உள்பட பிரெஞ்சு இந்தியாவின் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்கள். எந்த நாட்டோடு சேர்வது என்பதையே கவுன்சிலர்கள் முடிவு செய்த மண் இது. தெருவிளக்குக்கு மட்டும் கவுன்சிலர் வேண்டாமா?