இணைப்பு என்னும் கழித்தல்

'இணைப்பு' நம் அரசாணைகளுக்கு மிகவும் பிடித்த சொல். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் வாசனை அடிக்கும் சொல். இந்த ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கிறோம், அந்த மூன்று ஊராட்சிகளைச் சேர்த்துப் பேரூராட்சி ஆக்குகிறோம் என்று அறிவிக்கும்போது யாரும் எதையும் இழப்பதாகத் தோன்றுவதில்லை. கல்யாணத்தில் வீடு மாறுகிறவள் யார், பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தை மாற்றிக்கொள்கிறவள் யார் என்று நமக்குத் தெரியும். ஊராட்சி இணைப்பிலும் அதே நியாயம்தான். பெரிய வீடு அப்படியே இருக்கும். சின்ன வீட்டின் கதவைக் கழற்றிவிடுவார்கள்.

2025 புத்தாண்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு 300-க்கு நெருக்கமான ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் சேர்க்கும் முடிவை அறிவித்தது. அதே சனவரி 5-ஆம் தேதியோடு, 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. சாவி தனி அலுவலர் கைக்குப் போனது. எல்லை மாறப்போகிறது என்ற செய்தி வந்த நேரத்தில், எங்கள் ஊரைக் கேட்காமல் மாற்றாதே என்று பதவியில் இருந்தபடி சொல்லக்கூடிய தலைவர் அந்த ஊர்களில் இல்லாமல் போனார். இது தற்செயலா, திட்டமா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. விளைவு ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சியில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 2016 கணக்கின்படி 1,18,974. நகர்ப்புறத்தில், 2022 தேர்தலின்போது, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றும் சேர்த்து 12,838. மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பில் ஊரகம் 3.72 கோடி, நகர்ப்புறம் 3.49 கோடி. கிட்டத்தட்டச் சரிபாதி மக்கள். ஆனால் இடங்களில் ஒன்பது மடங்கு வித்தியாசம். 2016-இல் சட்டம் திருத்திப் பெண்களுக்குப் பாதி என்றாக்கினோம். அந்தப் பாதி கிராமத்தில் 59,000-க்கு மேல். நகரத்தில் 6,400 சொச்சம். ஒரு ஊராட்சியை நகரத்துக்குள் தள்ளும் ஒவ்வொரு முறையும் பெண்களின் ஐம்பது விழுக்காட்டுக்கு எந்தக் குறையும் வருவதில்லை. எதில் ஐம்பது என்பதுதான் சுருங்கிக்கொண்டே போகிறது. விழுக்காட்டைக் காட்டி எண்ணிக்கையைத் திருடும் இந்த வித்தையை நம் பெண்ணிய மேடைகள்கூடப் போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

ஊராட்சி வார்டு ஒன்றில் சராசரியாக 375 பேர். இரண்டு தெரு, ஒரு காலனி, ஒரு கைக்குழாய். அங்கே நிற்க ஒரு பெண்ணுக்குக் கட்சி வேண்டியதில்லை. ஊராட்சி வார்டுக்கும் தலைவருக்கும் நடக்கும் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். சுவரொட்டி வேண்டியதில்லை. ஜீப் வேண்டியதில்லை. சாயங்காலம் அடுப்பு வேலையை முடித்துவிட்டு நடந்தே எல்லா வீட்டு வாசலையும் மிதித்துவிடலாம். மாநகராட்சி வார்டு என்பது ஆயிரங்களில் பேசும் கணக்கு. விரிவாக்கப்பட்ட சென்னையில் 67 லட்சம் பேருக்கு 200 வார்டுகள்; வார்டுக்கு 33,000 பேர். அங்கே கட்சி வேண்டும், கட்சிக்குள் மாவட்டம், வட்டம், பகுதி என்று எத்தனை ஆண்களின் முகம் பார்க்க வேண்டும் என்று கணக்கில்லை. செலவுக்குப் பணம் வேண்டும். அது இல்லாத பெண் நிற்கலாம், சட்டம் தடுக்கவில்லை.

ஊராட்சித் தலைவரை ஊரே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. மேயரையும் நகராட்சித் தலைவரையும் 2022-இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். கவுன்சிலர்கள் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அதற்கு முந்தைய நாளே கட்சி அலுவலகம் அறிவித்துவிட்டது. சென்னைக்கு முதன்முறையாக ஒரு தலித் பெண் மேயரானார், நானும் மகிழ்ந்தேன். அந்த ஒரு நாற்காலியின் படத்தைக் காட்டி, கீழே காணாமல்போன நாற்காலிகளை மறைக்காதீர்கள். 2011-இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளைச் சென்னை விழுங்கியபோது, சேர்ந்த பகுதி முழுவதற்கும் கிடைத்தவை 93 வார்டுகள். பழைய நகரத்தின் 155 வார்டுகளும் 107 ஆகச் சுருங்கின. விழுங்கியதும் மெலிந்தது, விழுங்கப்பட்டதும் மெலிந்தது. கொழுத்தது எது என்பதை ரிப்பன் மாளிகையில்தான் கேட்க வேண்டும்.

மதுரைப் பக்கம் ஐந்தாண்டு வார்டு உறுப்பினராக இருந்த ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மெம்பரானப்புறந்தான் டீச்சர் எம் பேரே ஊருக்குத் தெரிஞ்சிச்சு. அதுக்கு முன்ன இன்னார் பொண்டாட்டி, இன்னார் மருமக" என்றார். அவர் சாதித்தது என்ன என்று கேட்டேன். தெருவிளக்கு நான்கு, சாக்கடைக்கு மூடி, தண்ணீர் திறந்துவிடும் நேரத்தைக் காலை பத்திலிருந்து ஐந்தரைக்கு மாற்றியது. கூலிக்குப் போகும் பெண்களுக்குப் பத்து மணித் தண்ணீர் எதற்கு? அந்த நேரமாற்றத்தை எந்தத் திட்ட அறிக்கையும் வளர்ச்சி என்று எழுதாது.

வளர்ச்சி என்ற சொல்லுக்கு வருவோம். இணைப்பை ஆதரிப்போர் சொல்வது: சாலை வரும், பாதாளச் சாக்கடை வரும், நிலமதிப்பு ஏறும். நிலமதிப்பு யாருக்கு ஏறும்? நிலம் இருப்பவர்க்கு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். நிலமில்லாத பெண்ணுக்கு வருவது வரி ரசீது. அவளிடமிருந்து போவது நூறு நாள் வேலை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகத்துக்கென்றே இயற்றப்பட்டது. ஊராட்சி நகரமான மறுநாள் அவள் கையிலிருக்கும் வேலை அட்டை வெறும் அட்டை. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் 85 விழுக்காட்டை ஒட்டிப் பெண்களுடையவை. ஏரிக்கரையில் அவர்கள் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று சிரிப்பவர்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அந்த ஊர்ப் பெண்கள் வேறு எங்கே பார்த்தார்கள் என்று சொல்லட்டும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு தொடங்கியது உண்மை. ஆனால் அது அரசு விரும்பினால் தரும் திட்டம். மற்றது கேட்டால் தந்தாக வேண்டிய உரிமை. மகளிர் குழுக்களும் அப்படித்தான்: ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு என்று பல ஆண்டு உழைத்துக் கட்டியது, ஊராட்சியே இல்லாமல் எந்த அளவில் நிற்கும்?

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், மரத்தடியில் உட்கார்ந்து வரவுசெலவு கேட்கலாம். இணைப்பு வேண்டாம் என்று பல ஊர்களில் பெண்கள் முன்வரிசையில் நின்று தீர்மானம் போட்டது இந்தச் சபைகளில்தான். நகரத்திலும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-இல் விதிகள் வந்தன. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது? நகரத்தில் வாழும் வாசகத் தோழியர் இந்த வரியில் சற்று நின்று யோசிக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அது என் தோழிகளிடமிருந்தே வரும். கிராமத்தை நீ கொண்டாடுகிறாயா? சாதி ஊறிய குட்டைக்கா வக்காலத்து? அரசியல் நிர்ணய அவையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னதை மறந்தாயா? மறக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படும் தமிழாசிரியர் கூட்டத்தில் நான் சேர்த்தியில்லை. பத்தாம் நூற்றாண்டில் அங்கே முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்துக் குடவோலை எடுத்தார்கள், சரி. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. நம் முதல் வார்டு எல்லை வரையப்பட்ட இலட்சணம் அது.

நான் பேசுவது கிராமத்துக்காக அல்ல. கிராமத்தையும் மீறி 73-ஆவது திருத்தம் அதற்குள் கொண்டுபோய் வைத்த நாற்காலிக்காக. அது எத்தனை ஆபத்தான நாற்காலி என்பதை ஆதிக்கசாதிகள் நமக்குக் காட்டிவிட்டன. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கிலும் தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவியைப் பத்தாண்டுகள் நிரப்பவிடவில்லை. மேலவளவில் 1997-இல் முருகேசனைக் கொன்றார்கள். தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை 2011-இல் வெட்டிச் சாய்த்தார்கள்; அவர் பிழைத்தார். 2020-இல் தெற்குத் திட்டையில் தலைவராக இருந்த தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்தார்கள், ஆத்துப்பாக்கத்தில் கொடியேற்றவிடவில்லை. மதிப்பில்லாத பதவிக்கு இத்தனை அரிவாள் எதற்கு? காசோலையில் அவள் கையெழுத்து வேண்டும், அதற்காகத்தான். நகரத்திலும் இது நடக்கும். வில்லாபுரம் லீலாவதி மதுரை மாநகராட்சிக் கவுன்சிலர்தான். குழாயில் தண்ணீர் வரவைத்ததற்காக 1997 ஏப்ரலில் அவரைக் கொன்றார்கள். ஆகவே நகரம் நம்மை விடுவிக்கும் என்ற கதையை அளவோடு நம்புவோம்.

சாதிக் கணக்கிலும் இணைப்பு நல்லது செய்வதில்லை. சிறு ஊராட்சியில் பத்தில் நான்கு பேராக இருந்த காலனி மக்கள், பத்தாயிரம் பேர் வார்டில் நூறில் நான்கு பேராகிவிடலாம். பட்டியல் சாதியினரின் இடங்கள் மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கப்படுபவை. கோட்டைக் காலனிக்கு நடுவே போடுவதா, சுற்றிப் போடுவதா என்பதில் அவர்களின் ஐந்து, பத்து ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. வரைந்தபின் வழக்குமன்றம் போகவும் முடியாது. தொகுதி வரையறைச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்காதே என்று அரசியலமைப்பின் 243ஓ பிரிவு வாயிலில் நிற்கிறது. எல்லை மாறினால் பெண்களுக்கான சுழற்சிக் கணக்கும் புதிதாகத் தொடங்கலாம். அடுத்த முறை உனக்கு என்று காத்திருந்தவளுக்கு, அந்த அடுத்த முறை அழிந்துபோகும்.

காத்திருத்தல் என்பதுதான் இதன் அடிநாதம். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நின்றது. மூன்றாண்டு தனி அலுவலர் ஆட்சி. 2019-இல் மாவட்டங்களைப் பிரித்துவிட்டோம், வரையறை முடியவில்லை என்று 9 மாவட்டங்களுக்கு 2021 வரை தேர்தல் இல்லை. ஐந்தாண்டுக்குள் தேர்தலை முடி என்று 243இ சொல்கிறது; வரையறைப் பணியைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்ற பொருளில் 2006-இலேயே அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. யார் கேட்டார்கள்? தில்லியில் 2023-இல் நாடாளுமன்றப் பெண் ஒதுக்கீட்டை நிறைவேற்றி, கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகுதான் என்று பூட்டுப் போட்டார்கள். கோடு போட்டு முடியட்டும், பிறகு உனக்கு இடம். அடுப்படியில் ஆம்பளைகள் சாப்பிட்டு முடியட்டும் என்பதன் அரசியலமைப்பு மொழிபெயர்ப்பு இது.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி, நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை எங்கள் குரலைக் குறைக்கும், எங்களைக் கேட்காமல் செய்யாதே என்றார்கள். நியாயமான பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் ஒப்புக்கொள்கிறேன். அதே சொற்களைத்தான் ஊராட்சிப் பெண்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் சொன்னார்கள். தில்லி நம் 39 இடங்களைச் சுருக்கினால் அது கூட்டாட்சிக்கு அநீதி. கோட்டை நம் ஊராட்சிகளைச் சுருக்கினால் அது நிர்வாக வசதியா?

எந்த ஊரும் எந்நாளும் நகரமாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் எந்த ஊராட்சியும் கலைக்கப்படக் கூடாது. அதிலும் பெண் வாக்காளரில் பாதிப் பேராவது வந்த சபையாக அது இருக்க வேண்டும். இணைத்தால், பழைய ஊராட்சி எல்லைக்குள் எத்தனை பெண் பிரதிநிதிகள் இருந்தார்களோ அத்தனை இடங்களைப் பகுதி சபையில் தேர்தல் மூலம், நியமனமில்லாமல், தர வேண்டும். வரைபடத்தை ஊராட்சி மன்றச் சுவரிலும் ரேஷன் கடையிலும், சர்வே எண்ணில் மட்டுமல்லாமல் தெருப் பெயரில், காலனிப் பெயரில் எழுதி ஒட்ட வேண்டும். நூறு நாள் வேலையை நகர எல்லைக்குள்ளும் உரிமையாகத் தரும் சட்டம் வரும்வரை, வேலை அட்டை வைத்திருக்கும் ஒரு பெண் இருக்கும் ஊரைக்கூட நகரம் என்று அறிவிக்கக் கூடாது.