அம்மாவுக்குச் சுகர் 'இல்லை' என்று போட்டது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவன் போன் செய்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், அம்மா மூணு மாசம் இங்க வர்றாங்க. டிராவல் இன்சூரன்ஸ் போட்டுக்கிட்டு இருக்கேன். சுகர், பிரஷர் இருக்கான்னு கேக்குது. இல்லைன்னு போட்டுட்டா வேலை சுலபம்னு பிரெண்டு சொல்றான். நீங்களும் சாரும் போயிட்டு வந்தீங்களே, நீங்க என்ன போட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பையன்தான் காலாண்டுத் தேர்வு ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தவன். அன்றைக்கு வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். இன்றைக்கு அதே காரியத்தை அம்மா பெயரில் செய்யப் பார்க்கிறான், என்னிடமே யோசனையும் கேட்கிறான்!

அவனுக்கு என் அக்கா கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்காவுக்கு 71 வயது. பதினைந்து வருடமாகச் சுகர், பிரஷர் மாத்திரை. மகன் வீட்டுக்கு டெக்சாஸ் போனாள். மகன்தான் ஆன்லைனில் பாலிசி எடுத்தான். நோய் இருக்கிறதா என்ற எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. மூன்றாவது மாதம் நெஞ்சுவலி. அந்த நாட்டில் அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது, ஆபத்து நீங்கும்வரை பார்க்க வேண்டும் என்று 1986 முதல் சட்டம் இருக்கிறது. நன்றாகவே பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டாள். ஆனால் பார்ப்பது வேறு, பில் வேறு. இரண்டு நாளைக்கு 38,000 டாலர்.

கம்பெனி ஆஸ்பத்திரிக் குறிப்பைக் கேட்டு வாங்கியது. அதில் முதல் வரியே 'பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு, ரத்த அழுத்தம்'. அக்கா டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருக்க முடியுமா, உயிர் பிரச்சனை அல்லவா? மகன் படிவத்தில் பொய் சொல்லியிருந்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பைசா தரமாட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பேசிக் குறைத்து, அவன் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். அக்கா ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. பேரன் வீடியோ காலில் கூப்பிட்டால்கூட, "பில் எவ்வளவு பாக்கி இருக்குன்னு உங்கப்பாவைக் கேளு" என்பதுதான் அவள் முதல் பேச்சு. "நான் போயிருக்கவே கூடாதுடி" என்கிறாள். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போனதற்கு ஒரு தாய் வெட்கப்படுகிறாள். என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் குற்றவாளி கம்பெனிகள். அறுபது தாண்டியவர்களில் மாத்திரை டப்பா இல்லாதவர் எத்தனை பேர்? அது தெரிந்துதானே 'மூத்த குடிமக்கள் திட்டம்' என்று பெயர் வைத்து, கூடுதல் பிரீமியம் வாங்கி விற்கிறார்கள்? உள்ளே படித்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடையாது, அல்லது உயிராபத்து வந்தால் மட்டும் ஒரு சிறு தொகை என்று இருக்கும். பல திட்டங்களில் 70 தாண்டினால் உச்சவரம்பு குறைகிறது, 80 தாண்டினால் இன்னும் சுருங்குகிறது. நடத்திய பாடம் ஒன்று, கேள்வித்தாள் வேறொன்று. அப்படி ஒரு தேர்வு வைத்தால் என் பள்ளியில் பெற்றோர் சும்மா விட்டிருப்பார்களா?

இதை வேறு விதமாகச் செய்யவே முடியாதா? முடியும். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசா 2011 முதல் இருக்கிறது. குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருடக் காப்பீடு கட்டாயம். மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பிள்ளை தன் வருமானத்தைக் காட்ட வேண்டும். செலவு அதிகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உடம்பின் நிலை முதலிலேயே மேசைக்கு வந்துவிடுகிறது. அங்கே விற்கும் பாலிசிகளில், மாத்திரை அளவு 90 நாளோ 180 நாளோ மாறாமல் இருந்தால் அந்த நோய்க்கும் சேர்த்து எடுக்க வழி இருக்கிறது. கட்டுப்பாட்டில் உள்ள சுகரை அங்கே விலை போட்டு ஏற்கிறார்கள் என்றால் இங்கே ஏன் முடியாது? உள்நாட்டு மருத்துவக் காப்பீடு புதிதாக எடுக்க இருந்த 65 வயது வரம்பை நம் ஒழுங்குமுறை ஆணையமே 2024 ஏப்ரலில் நீக்கியது. பயணக் காப்பீட்டிலும் அதே மனது வைக்கட்டும். கூடுதலாகக் கேளுங்கள், கட்டுகிறோம். கட்டிய பிறகு கைவிடாதீர்கள்.

இரண்டாவது, விசா தரும் நாடுகள். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. மறுத்தாலும் 185 டாலர் கட்டணம் திரும்பி வராது. முன்பு 79 வயது தாண்டியவர்களுக்கு நேர்காணலில் விலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அதையும் பொதுவாக எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டுக்குத் தன் வாசலைக் காக்க உரிமை உண்டு. எண்பது வயதுக் கிழவியை வரிசையில் நிற்க வைத்துத்தான் காக்க வேண்டுமா?

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். ஆகவே அந்தத் தொகை அச்சடித்த மலிவான பாலிசியைத் தேடிப் பிடித்து எடுக்கிறோம். அந்தத் தாள் விசா அதிகாரிக்குப் போதும். ஆஸ்பத்திரிக்கு அது போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குக் காப்பீடே கேட்பதில்லை. அதனால் ஒன்றும் இல்லாமலே பெற்றோரை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

மூன்றாவது குற்றவாளி நீங்கள். வருத்தப்படாதீர்கள், நானும் உண்டு. எங்கள் முதல் பயணத்தில் மகள் நிரப்பிய படிவத்தை நானும் படிக்கவில்லை. திரும்பி வந்த பிறகு பார்த்தால், சாருடைய சுகருக்கு 'இல்லை'. 33 வருடம் "கேள்வியை முழுசாப் படிச்சிட்டுப் பதில் எழுது" என்று கத்தியவள் நான்! எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு ஆகிவிட்டது. இரண்டாவது பயணத்தில் 'ஆம்' என்று போட்டோம். பிரீமியம் கூடியது. கட்டினோம்.

"உண்மையைச் சொன்னா செலவு அதிகம் டீச்சர்" என்பீர்கள். விமானத்தில் கால் நீட்ட இடம் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டுகிறீர்களே, அதில் தெரியாத செலவா இது? இன்னொன்றும் சொல்கிறேன். நாம் பொய் சொல்லும்வரை கம்பெனிக்குத்தான் வசதி. பிரீமியமும் வரும், மறுக்கக் காரணமும் கைவசம் இருக்கும். உண்மையைச் சொன்னவர்களால்தான் நிமிர்ந்து நின்று சண்டை போட முடியும்.

அதனால் வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

1. அம்மா அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை மட்டும் நிரப்புங்கள்.

2. பாலிசியில் முன்பே உள்ள நோய் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். மொத்தத் தொகையை அப்புறம் பாருங்கள்.

3. மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, மாத்திரைகளின் மூலப்பெயர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

4. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கிளம்புகிற வாரத்தில் மாத்திரையை மாற்றும்படி வைக்காதீர்கள்.

5. உண்மை சொல்லியும் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

அந்த மாணவன் நேற்று மறுபடி அழைத்தான். "ஆம்னு போட்டுட்டேன் டீச்சர். அம்மாவும் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டாங்க" என்றான். அவன் அம்மா போனை வாங்கி, "எனக்குத் தைராய்டும் இருக்குன்னு இவனுக்கு இன்னைக்குத்தான் டீச்சர் தெரியும்" என்றார்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பாலிசிக்காக இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்