வயரை யாரும் விசாரிப்பதில்லை

பழைய கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு புது மூடநம்பிக்கை பரவியிருக்கிறது. பல்லி சொன்னால் பலிக்கும் என்ற காலம் போய், ஸ்கேனர் சொன்னால் பலிக்கும் என்று ஆகிவிட்டது. காரின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது, பட்டறைக்குப் போகிறோம். கையகலக் கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகுகிறார்கள். அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்." அவ்வளவுதான், விசாரணையும் தீர்ப்பும் முடிந்தன. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் கோவலனுக்கு விதித்த தண்டனைகூட இத்தனை சுருக்கில் முடிந்திருக்குமா என்பது சந்தேகம்.

கருவி பொய் சொல்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அது சொல்வதை நாம் சரியாகப் படிப்பதில்லை என்கிறேன். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, வாக்கியத்தில் ஒரு சொல் விழுந்துபோனால் கண்ணில் தூசி விழுந்தாற்போல் உறுத்தும். பி 0118 என்று ஓர் எண் இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் மின்சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்பது அதன் பொருள். மின்சுற்றில் என்றுதான் இருக்கிறதே தவிர, சென்சாரில் என்று இல்லை. சுற்று என்றால் போகிற வயர், திரும்பி வருகிற வயர், அவற்றைப் பூட்டுகிற கனெக்டர், அதற்குள் இருக்கும் ஊசிகள், கடைசியில் கம்ப்யூட்டர், இத்தனையும் சேர்த்துத்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் களவு போயிற்று என்று தகவல் வந்தால், வாசலில் நிற்கிறவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது என்ன நியாயம்?

இது ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சாருக்குள் இருக்கும் சின்னப் பொருளுக்குச் சூடு ஏற ஏறத் தடை குறையும். பெரும்பாலான கார்களில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது 2,000 ஓமுக்கு மேல் காட்டுவது, நன்றாகச் சூடேறியபின் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். தடை இறங்க இறங்க அந்த வோல்ட்டும் இறங்கும். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. நடுவில் வயர் அறுந்துபோனால் 5 வோல்ட் 5 வோல்ட்டாகவே நிற்கும். கம்ப்யூட்டரின் அகராதியில் அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்று அர்த்தம். சித்திரை வெயிலில் தாம்பரத்தில் நிற்கிற கார், தான் துருவப் பிரதேசத்தில் நிற்பதாக நம்பத் தொடங்கிவிடுகிறது! பல கார்கள் இந்த அபத்தத்தைத் தாமே புரிந்துகொண்டு, விளக்கை எரியவிட்டு, ஓர் உத்தேச வெப்பத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கும். ரேடியேட்டர் விசிறி மட்டும் ஓயாமல் சுழலும். சமாளிக்கத் தெரியாதவை பெட்ரோலைக் குடித்துவிட்டுக் கரும்புகை கக்கும்.

குற்றவாளி வயரா, சென்சாரா என்று கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? கை எட்டுகிற இடத்தில் இருந்தால் ஒரு காப்பி குடிக்கிற நேரம். கனெக்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டவேண்டும். பிறகு அந்த இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பார்க்கவேண்டும். மைனஸ் 40-ல் நின்ற எண் சட்டென்று 100 டிகிரிக்கு மேலே தாவினால் வயரும் கம்ப்யூட்டரும் நிரபராதிகள். சென்சாரைத் தாராளமாக மாற்றலாம். தாவாமல் அங்கேயே நின்றால், கூடை நிறையச் சென்சார் வாங்கிப் போட்டாலும் விளக்கு அணையாது. (இரண்டு வயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டுமே இந்த வைத்தியம். மூன்று வயர் உள்ளவற்றில் இப்படிக் குறுக்கே இணைத்தால் வேறு வம்பு வந்து சேரும்.)

இத்தனை எளிய பரீட்சையை ஏன் செய்வதில்லை? பட்டறைக்காரர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுகமாக இருக்கும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சென்சார் விற்றால் லாபம் உண்டு. வயரைத் தேடினால் கூலி கிடையாது. கூலி கொடுக்காதவர்கள் யார்? நாம்தான்.

என் நண்பர் ஒருவரிடம் 2009-ல் வாங்கிய சின்னக் கார் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அது ஒன்றரை நாள் வெள்ளத்தில் நின்றது. உலர்த்தி, எண்ணெய் மாற்றி, ஓட்டினார். சில மாதம் கழித்து மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் சென்சார் மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடியும் விளக்கு. "டூப்ளிகேட் போட்டிருப்பாங்க சார்" என்று இன்னொரு பட்டறையில் இன்னொரு சென்சார். மூன்றாவதாக ஒரு வயசான எலெக்ட்ரீஷியனிடம் போனார்.

"சென்சார் புதுசு பாய்" என்றார் நண்பர்.

"இருக்கட்டும் சார். மணி புதுசுதான். கயிறு இருக்கான்னு பாக்க வேணாமா?"

இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை அந்த மனிதர். எஞ்சினை ஓடவிட்டு, வயர்க்கட்டை விரலால் அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே வந்தார். பாட்டரிக்குக் கீழே வயர் வளைகிற இடத்தில் எண் குதித்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. பிளந்து பார்த்தால் உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடிதான் இருந்தது. எங்கோ ஒரு முனையில் புகுந்த தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது. செம்பையும் களிம்பையும் வைத்து ஆன்மாவையும் ஆணவத்தையும் விளக்கிய சைவ சித்தாந்திகள் இந்த வயரைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

கூலி 700 ரூபாய் என்றார். இரண்டு சென்சாருக்கும் சத்தம் போடாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்த என் நண்பர், "ஒரு சாண் வயருக்கு 700 ரூபாயா?" என்று கேட்டார். படித்தவர், நல்லவர், கோயிலுக்குத் தாராளமாகக் கொடுக்கிறவர். டப்பாவில் அடைத்து வந்த சாமானுக்குப் பேரம் கிடையாது. மனிதனின் கண்ணுக்கும் விரலுக்கும் நிதானத்துக்கும் பேரம்! இந்தக் கணக்கு இப்படியே போனால், விரலால் தடவிப் பார்க்கத் தெரிந்தவர்களின் மகன்கள் அந்தத் தொழிலுக்கு எதற்கு வரப்போகிறார்கள்? அந்தப் பாயின் மகன் வரவில்லை.

சென்சார்கள் கெடுவதே இல்லையா என்று கேட்கலாம். கெடும். புகைக்குழாய்ச் சூட்டில் வேகிற ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் ஆயுசு முடிந்து போவதற்கென்றே பிறந்தது. ஆனால் வயருக்கு மட்டும் சிரஞ்சீவி வரம் யார் கொடுத்தது? 1990-களின் முற்பகுதியில் வந்த பல மெர்சிடீஸ் கார்களில், மண்ணோடு மக்கவேண்டும் என்று தேர்ந்தெடுத்த வயர் உறை, எஞ்சின் சூட்டில் காரிலேயே நொறுங்கி உதிர்ந்தது. மெர்சிடீஸுக்கே அந்தக் கதி. பதினைந்து வருஷம் நம் வெயிலையும் மழையையும் எலியையும் தாங்கிய சின்னக் காரின் வயரை ஒரு முறையாவது பார்க்கவேண்டாமா?

கண்டுபிடித்தபின் செய்கிற சிகிச்சையிலும் நமக்கு அவசரம்தான். இரண்டு முனையையும் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, தட்டிக்கொடுத்து அனுப்புகிறார்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி, அடுத்த மழைக்குள் அது கழன்று தொங்கும். களிம்பு ஏறிய பாகத்தை, பளபளவென்று செம்பு தெரிகிற வரையில் வெட்டி எறியவேண்டும். அதே கனத்தில் புது வயர் கொடுத்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கவேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள குழல் போட்டு நசுக்கிப் பிடிக்கவேண்டும். மேலே உள்பசை தடவிய ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினால் அது சுருங்கித் தண்ணீர் புகாமல் கவ்விக்கொள்ளும். பிறகு ஆடாமல், சூடான குழாயில் உரசாமல் கட்டவேண்டும். பரீட்சை செய்கிறேன் என்று நல்ல வயரில் ஊசியைக் குத்துகிறார்களே, அதைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த வருஷத்துக் களிம்பு நுழையும்.

அடுத்த முறை மஞ்சள் விளக்கு எரிந்தால், "வயரைப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். "பாத்தாச்சு" என்றால், எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்கிறவரிடம் காரை விடுங்கள். அவர் கேட்கிற கூலியையும் கொடுங்கள்.