பந்து யாருக்கு? பல்லாங்குழி யாருக்கு?

2025 நவம்பர் 2-ஆம் நாள் இரவு, நவி மும்பை ஆடுகளத்தில் தென்னாப்பிரிக்க அணியை 52 ரன் வேறுபாட்டில் வீழ்த்தி, இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். வீதியிலே வெடி முழக்கம், ஏடுகளிலே படங்கள், மேடைகளிலே பாராட்டு மழை! நாமும் மகிழ்ந்தோம், கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. இனி கேட்க வேண்டியதைக் கேட்போம்.

அன்றைய ஆட்ட நாயகி ஷஃபாலி வர்மா. 87 ரன், இரண்டு விக்கெட். அரியானாவின் ரோத்தக் நகரில் அவர் சிறுமியாக இருந்த காலத்தில், பெண் என்பதாலேயே பயிற்சிக்கூடக் கதவு மூடப்பட்டது. ஆண்பிள்ளையைப்போல முடியைக் கத்தரித்துக்கொண்டு போன பிறகுதான் வழி பிறந்தது! தோழர்களே, அந்தக் கத்தரிக்கோல் அவர் கையை நீட்டிற்றா? காலுக்கு வலுவூட்டிற்றா? கண்ணைக் கூர்மையாக்கிற்றா? வெட்டியது மயிரை மட்டுந்தான். அவர் கையிலே திறன் முன்பே இருந்தது. ஊரார் கண்ணிலேதான் திரை இருந்தது.

அவருக்காவது கதவு மூடப்பட்டது பயிற்சிக்கூடத்தில். நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு மூன்று வயதிலேயே, சொந்த வீட்டு வாசலிலேயே கதவு மூடப்படுகிறதே, அதைக் கேட்பார் யார்?

"பெண் மென்மை, ஆண் வன்மை, இயற்கை அப்படி வகுத்துவிட்டது" என்பார்கள். நல்லது. இயற்கையையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பிறந்த முதலாண்டிலிருந்தே தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. குழந்தை எப்போது உட்காரும், தவழும், நிற்கும், நடக்கும் என்பதைச் சொல்லும் அளவுகோல். பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள்; தானே நடப்பது 8 முதல் 17½ மாதத்திற்குள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு அளவுகோல் செய்ய வேண்டிய அளவுக்கு வேறுபாடு அங்கே தென்படவில்லை. ஒரே அளவுகோல்தான்! தொட்டிலை விட்டு இறங்கும் குழந்தைக்கு இயற்கை பேதம் கற்பித்து அனுப்பவில்லை.

பேதம் எங்கே முளைக்கிறது? நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனை ஒன்று அதைக் காட்டிக் கொடுக்கிறது. பதினொரு மாதக் குழந்தைகள். முன்னே ஒரு சரிவுப் பலகை. "உங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும்?" என்று தாய்மார்களைக் கேட்டனர். மகனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள். மகளைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள். அடுத்து, அதே பலகையில் குழந்தைகளை இறக்கினார்கள். ஆணும் பெண்ணும் ஒரே தரம்! குழந்தைக்கு இல்லாத குறையைப் பெற்ற தாயின் மனமே ஏற்றிச் சொல்லிற்று. அந்தத் தாய்மார்மீது நமக்குச் சினமில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் காதிலே ஓதப்பட்டது அவர்கள் வாய்வழியே வெளிவந்தது, அவ்வளவே.

மூன்று, நான்கு, ஐந்து வயதில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது, மறுக்கவில்லை. பந்தை எறிவதிலும் உதைப்பதிலும் பையன்கள் முந்துகிறார்கள். ஒற்றைக்காலில் நிலைகுலையாமல் நிற்பதிலும் விரல் நுணுக்கத்திலும் பெண்கள் முந்துகிறார்கள். பல நாட்டு ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால், ஏன்?

நம் தெருவையே பாருங்கள். பையன் கையில் என்ன? கில்லி, கோலி, பம்பரம், பந்து. பெண் கையில் என்ன? பல்லாங்குழி, ஐந்தாங்கல், வெளியே வந்தால் நொண்டியடிக்கும் பாண்டி. ஒருவனுக்குத் தோளும் தொடையும் பழகுகின்றன. ஒருத்திக்கு விரலும் நிலையும் பழகுகின்றன. எதைப் பழக்கினோமோ அது வளர்ந்திருக்கிறது. விதைத்ததை அறுத்துவிட்டு, "வானத்திலிருந்து விழுந்தது" என்று வியப்பானேன்?

ஜெரி தாமஸ், கேரன் பிரெஞ்ச் என்ற இரு அறிஞர்கள் 64 ஆய்வுகளைத் திரட்டி 1985-இல் எடைபோட்டார்கள். பருவமடையும் முன் காணப்படும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை சிறியவை. வளர்ப்பாலும் சூழலாலும் விளையக்கூடியவை என்றார்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: எறிதல். அதில் மூன்று வயதிலேயே இடைவெளி பெரிது. "பார்த்தீர்களா, இயற்கை!" என்று சிலர் துள்ளக்கூடும். பொறுங்கள்! அதே தாமஸ் தம் குழுவினருடன் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார். பெண்களும் எறிந்து பழகிய மரபுள்ள மக்கள் அவர்கள். அங்கே இடைவெளி இருந்தது. ஆனால் அமெரிக்கக் குழந்தைகளிடம் கண்டதைவிடக் குறைவாக இருந்தது. உடலுக்கு ஒரு பங்கு இருந்தால் இருக்கட்டும். பழக்கம் மாறினால் இடைவெளி சுருங்குகிறது என்பதுதானே நமக்குப் பாடம்!

இந்தப் பாகுபாட்டில் ஆண்பிள்ளைக்கும் இழப்பு உண்டு. பூ தொடுப்பதும் மாவு பிசைவதும் புள்ளி வைத்துக் கோலம் போடுவதும் "பெண் வேலை" என்று அவனைத் துரத்துகிறோம். பள்ளிக்குப் போனதும் பென்சில் பிடிக்க விரல் வணங்கவில்லை என்று தலையில் குட்டுகிறோம். பெண்ணுக்குத் தோளை மறுத்தோம்; ஆணுக்கு விரலை மறுத்தோம். இரண்டு குழந்தைகளையும் அரைக் குழந்தைகளாக்கினோம்.

இன்னொன்றும் பேசியாக வேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தை நாள்தோறும் 180 நிமிடமாவது உடலசைத்து ஆட வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சொல்வது எளிது! பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தும் தொழிலாளி எங்கே ஓடவிடுவான் குழந்தையை? வாசலில் மோட்டார் சைக்கிள் பறக்கிறது. சந்தில் சாக்கடை திறந்து கிடக்கிறது. வேறு வழியின்றிக் கைப்பேசியைக் கொடுத்து மூலையில் உட்கார வைக்கிறாள் தாய். வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்குப் புல்தரையும் ஊஞ்சலும் காசுக்குக் கிடைக்கின்றன. உழைப்பவன் பிள்ளைக்கு அங்கன்வாடியை விட்டால் ஏது கதி?

1975 அக்டோபர் 2-ஆம் நாள் அந்தத் திட்டம் நாட்டிலே தொடங்கிற்று. தமிழகத்தில் 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் பிறந்து, பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளின் வயிற்றுக்கு வழி செய்தது. அது அருஞ்செயல், அதைக் குறைத்துப் பேசுவோர் பசியறியாதோர். இன்று ஏறத்தாழ 54 ஆயிரம் மையங்கள் இம்மாநிலத்தில் இருக்கின்றன. வயிறு நிறைந்தது. கை கால் வளர இடம் உண்டா? வாடகை வீட்டின் முன்கட்டில் நடக்கும் மையத்தில் எங்கே ஓடும் குழந்தை? எடை பார்த்து, பதிவேடு எழுதி, உணவைக் கவனித்து, பாட்டும் சொல்லித் தரும் ஒரே பணியாளர் எந்த நேரத்தில் பந்தை எடுப்பார்?

ஆகவே கோருகிறோம்: மையந்தோறும் வேலியிட்ட ஆடுமிடம் வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். நாள்தோறும் விளையாட்டு நேரம் வேண்டும். அதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே எறிய வேண்டும், சேர்ந்தே மணி கோக்க வேண்டும். ஒன்றரை வயது கடந்தும் தானே நடக்காத குழந்தையை உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். "பெண்தானே, மெல்ல நடக்கட்டும்" என்ற பேச்சு ஒழிய வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதா? தையற்கடைத் துண்டுத்துணியில் பந்து கட்டலாம். பழைய டயரைப் படுக்கவைத்தால் தாண்டும் வளையம். தரையில் சுண்ணாம்புக்கோடு இழுத்தால் நிலைநின்று நடக்கும் பாலம். கிளைத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுத்தால் முள்ளடர்ந்த முற்றம் ஆடுகளமாகும்.

தோழரே! ஆலைச் சங்கு ஊதி வீடு திரும்பியதும், மகளை நாலடி தள்ளி நிறுத்திப் பந்தை எறியுங்கள். அவள் தவறவிடுவாள், மறுபடி எறியுங்கள். பாவாடை அழுக்காகும் என்று பாட்டி பதறினால், அழுக்கைத் துவைத்துவிடலாம் என்று சொல்லுங்கள். கொலுசு தடுக்கினால் கழற்றி வையுங்கள். மகனை அழைத்து உதிரிப்பூவையும் நாரையும் கொடுங்கள்.

மேடையிலே சமத்துவம் முழங்குவது எளிது. அதை மூன்று வயது மகளின் கையிலே கொடுப்பதற்குச் சட்டம் வேண்டாம், சபை வேண்டாம். ஒரு துணிப்பந்து போதும்.