தமிழ் தெரியாத எச்சரிக்கை

மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியுமுன்னே தப்பு ஒலிக்கும். லயன்களில் உறங்கியோர் எழுந்து பிரட்டுக்களத்துக்கு நடப்பர். வேலைக்கு அழைக்கும் செய்தி எந்த வீட்டுக்கும் எட்டாமல் போகாதபடி நிர்வாகம் பார்த்துக்கொண்டது. உயிர் காக்கும் செய்திக்கு அந்த அக்கறை இன்னும் கிட்டவில்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. தமிழில் எச்சரிக்கைகள் போதிய அளவில் வரவில்லை என்ற குறை அப்போது எழுந்தது.

கைபேசிச் செயலியொன்று போதுமே என்பர் சிலர். அது இயங்கும் விதத்தைப் பார்ப்போம். அரச அலுவலகத்தின் சேவையகக் கணினியில் உள்ள நிரல், செய்தியைக் கூகுள் அல்லது ஆப்பிள் நிறுவனத்தின் சேவையகத்திடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்தே அது கைபேசிக்குப் போகிறது. 'ஏற்றுக்கொண்டோம்' என்று திரும்பி வரும் பதில், செய்தி வாங்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டு மட்டுமே. அட்டனில் எவரும் அதைப் படித்தார் என்பதற்குச் சான்றன்று.

நிரல் எழுதுவோர் செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு கைபேசியின் அடையாளக் குறியீட்டோடும் அதன் உரிமையாளரின் மொழியையும் பிரிவையும் பதிந்து வைக்கலாம். செய்தியை உயர் முன்னுரிமையில் அனுப்பினால் உறங்கும் கைபேசியும் விழிக்கும். காலாவதி நேரத்தையும் குறிக்க வேண்டும். குறிக்காவிடில், தொடர்பற்றுக் கிடக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்கான செய்தியைக் கூகுள் 4 வாரங்கள் வரை வைத்திருந்து கொடுக்கும். போன வாரத்து எச்சரிக்கை இன்று வந்தால், நாளை வருவதை யார் நம்புவார்?

தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடிக்கும் என்பதும் சாக்காகாது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் கிடைக்கும்போது தமிழுக்கு 70 குறிகளே கிடைப்பது உண்மை. ஆனால் செயலி அறிவித்தலுக்கு 4,096 பைட்டுகள் உண்டு. குறியொன்றுக்கு 3 பைட்டுகள் போனாலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிகள் அடங்கும். 'உடனே வெளியேறுங்கள்; பாடசாலைக்குச் செல்லுங்கள்' என்று எழுத அவ்வளவும் தேவையில்லை. 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை மலை காத்திராது. ஆகவே வாசகங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மின்சாரமும் அலைவரிசையும் அறுந்த இரவில் எந்த நிரலும் உதவாது. ஆகவே எச்சரிக்கை புறப்படும் அதே கணத்தில் தோட்டத்துச் சங்கும் கோயில் ஒலிபெருக்கியும் ஒலிக்க ஏற்பாடு வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு பெயர் குறித்து ஒருவரிடம் தரப்பட வேண்டும்.

மீரியபெத்தை கற்பித்த பாடம் இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கை கிடைத்தாலும் போக இடமில்லாதவன் லயனிலேயேதான் கிடப்பான். பாதுகாப்பான காணியும் வீடும் தராமல் அறிவித்தல் மட்டும் அனுப்பும் அரசு, தன் பொறுப்பைக் கைகழுவுகிறது என்பதே என் கருத்து. வீடு கட்ட ஆண்டுகள் ஆகலாம். தமிழில் ஓர் ஒத்திகை நடத்த ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த பெருமழைக்கு முன் அதையாவது செய்யட்டும்.