வளரும் பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடுவது யார்?

ஐபிஎல் கிரிக்கெட்டில் ஆண்டுதோறும் ஓர் இளம் ஆட்டக்காரருக்கு விருது கொடுக்கிறார்கள். நடுவில் இரண்டு மூன்று முறை பெயர் மாறி, இப்போது ‘எமர்ஜிங் பிளேயர்’ என்று நிலைத்திருக்கிறது. 2008 முதல் 2025 வரை 18 பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

ரோஹித் சர்மா, சஞ்சு சாம்சன், ஷ்ரேயாஸ் ஐயர், ரிஷப் பந்த், ஷுப்மன் கில், ஜெய்ஸ்வால் என்று பின்னால் பெரிய ஆளானவர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். ஆகவே ஆளைக் கண்டுபிடிப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பதினெட்டுப் பேரில் முதன்மையாகப் பந்துவீச்சுக்காகப் பரிசு வாங்கியவர்கள் என்று பார்த்தால் இக்பால் அப்துல்லா, அக்சர் படேல், முஸ்தாபிசுர் ரஹ்மான், பாசில் தம்பி, உம்ரான் மாலிக் ஆகிய ஐந்தே பேர். இரண்டு, தமிழ்நாட்டுப் பையன் ஒரே ஒருவன்தான். 2025-இல் வாங்கிய சாய் சுதர்சன்.

சுதர்சனுக்குக் கிடைத்ததில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. அந்த வருடம் 759 ரன். ஆரஞ்சுத் தொப்பியும் அவருக்குத்தான். ஆனால் இந்த விருதின் விதியைக் கவனியுங்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். ஐபிஎல்லில் 25 மேட்சுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. சுதர்சன் அதற்கு முன் மூன்று சீசனில் 5, 8, 12 என்று சரியாக 25 மேட்ச் ஆடியிருந்தார். இன்னும் ஒன்று ஆடியிருந்தால் பெயரே பட்டியலில் வந்திருக்காது.

மேட்ச் கணக்கு நியாயம்தான். வயதுக் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2017-இல் பஞ்சாப் அணிக்கு ஆறு மேட்ச் ஆடியதோடு சரி. 2020-இல் ஹைதராபாத் அணிக்காக 16 விக்கெட் எடுத்து, யார்க்கருக்கு இவரைவிட்டால் ஆளில்லை என்று பேர் வாங்கினார். அடுத்த சில வாரங்களில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். ‘வளர்ந்து வருபவர்’ என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அப்போது அவருக்கு வயது 29. கட்டடக் கலை படித்து வேலைக்கும் போய்விட்டு, பிறகு பந்தைக் கையில் எடுத்த வருண் சக்ரவர்த்தியும் அதே கதைதான். நகரத்தில் பத்து வயதிலேயே அகாடமிக்குப் போகும் பையனும், இருபது வயதில்தான் முதன்முதலாகத் தோல் பந்தைத் தொடும் பையனும் ஒரே வயதில் வளர்வதில்லை.

இதை அமெரிக்காவின் பேஸ்பால்காரர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். (பேஸ்பாலை நம் கிட்டிப்புள்ளின் ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.) அங்கே முதல் வருட ஆட்டக்காரருக்கு ‘ரூக்கி’ என்று பெயர். சிறந்த ரூக்கிக்கு 1947 முதல் விருது கொடுக்கிறார்கள். கணக்கு வயதில் இல்லை, மேல்மட்டத்தில் எவ்வளவு ஆடியிருக்கிறார் என்பதில். முதல் விருதை வாங்கியவர் ஜாக்கி ராபின்சன். கறுப்பினத்தவர்களுக்குப் பெரிய லீக்கின் கதவு அடைத்தே கிடந்த காலத்தில் அதைத் திறந்துகொண்டு உள்ளே போனவர். அப்போது அவருக்கு 28 வயது. நம் விதி அங்கே இருந்திருந்தால், கதவைப் பூட்டி வைத்ததும் அவர்களே, நேரம் கழித்து வந்தாய் என்று பரிசை மறுத்ததும் அவர்களே என்று ஆகியிருக்கும். 1987-இல் அந்த விருதுக்கே ஜாக்கி ராபின்சன் பெயரை வைத்தார்கள்.

ஓட்டுப் போடுவதிலும் அவர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. ஓட்டுப் போடுபவர்கள் வருடம் முழுக்க மைதானத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதும் பத்திரிகையாளர்கள், ஒரு லீக்குக்கு 30 பேர். 2024 வரை ஆளுக்கு மூன்று பெயர் எழுதினார்கள். முதல் பெயருக்கு 5, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 1 என்று அப்போது புள்ளி. நாக்-அவுட் சுற்று தொடங்கும் முன்பே சீட்டைக் கொடுத்துவிட வேண்டும்; கடைசி ஆட்டத்தில் ஒருவன் அடித்த அடியில் ஆறு மாத உழைப்பு மறந்து போகக் கூடாதல்லவா? யார் யாருக்குப் போட்டார் என்பதும் பெயரோடு வெளியாகிவிடும். யாரோ ஒருவர் கடைசி இடத்தில் எழுதியதால் ஒரே ஒரு புள்ளி வாங்கிய பையனின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஐபிஎல்லில் ரசிகர்களும் இணையத்தில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். 2016-இல் முஸ்தாபிசுருக்கு 83 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தகுதியானவர்தான், 17 விக்கெட், ஓவருக்கு ஏழு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் பங்களாதேஷே திரண்டு வந்து பட்டனை அமுக்கியிருக்கும் என்பதும் ஊகிக்கக் கூடியதுதான். ரசிகன் கொடிக்குத்தான் ஓட்டுப் போடுவான். அது அவன் அன்பு, தப்பில்லை. தீர்ப்புச் சொல்லும் வேலை வேறு.

எதற்கு ஓட்டு, ரன்னையும் விக்கெட்டையும் கூட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டால் போகிறது என்பீர்கள். அப்படியும் உண்டு. வயதுப் பிரிவுப் போட்டிகளில் அதிக ரன், அதிக விக்கெட் எடுப்பவர்களுக்கு கிரிக்கெட் வாரியம் எம்.ஏ. சிதம்பரம் பெயரில் கோப்பை கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எதிர்முனையில் ஓவருக்கு இரண்டு ரன் கொடுத்துக் கட்டிப்போட்டு, பக்கத்தில் வீசுபவனுக்கு விக்கெட் வாங்கிக் கொடுத்தவன் எந்தக் கூட்டலிலும் வர மாட்டான். அவனைப் பார்த்த கண் ஒன்று வேண்டும்.

நான் இளவயதில் திருச்சியில் சில டோர்னமென்ட்டுகளுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். பேட்டிங் எனக்கு வராது. கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால் அந்த வேலை. 1972 என்று ஞாபகம். மேட்டிங் விக்கெட். திருவானைக்காவலிலிருந்து சைக்கிளில் வரும் பையன் ஒருவன், லெக் ஸ்பின். ஏழு மேட்சில் 31 விக்கெட் என்று என் நோட்டிலேயே இருந்தது. சிறந்த இளம் ஆட்டக்காரர் கோப்பையை, டோர்னமென்ட்டுக்குப் பணம் கொடுத்தவரின் தங்கை மகனுக்குக் கொடுத்தார்கள். ‘கமிட்டி முடிவு’ என்றார்கள். கமிட்டியில் இரண்டு பேர் ஃபைனல் அன்றுதான் மைதானத்துக்கே வந்தவர்கள். பையன் ஒன்றும் பேசவில்லை. மறு வருடம் வடக்கே ஏதோ வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். “ஆடியது போதும்னு அப்பா சொல்லிட்டார் சார்” என்று அவன் தம்பி என்னிடம் சொன்னான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஐபிஎல் பையனுக்கு விருது இல்லாவிட்டாலும் கோடியில் சம்பளம் இருக்கிறது. சித்திரை வீதியிலும் கொள்ளிடத்து மணலிலும் ஆடிவிட்டு மாவட்ட லீக் வரை வருகிற பிள்ளைக்கு அந்தச் சின்னக் கோப்பையும், பேப்பரில் வரும் ஒற்றை வரியும்தான் வீட்டில் காட்டக் கூடிய சான்று. இன்னும் ஒரு வருடம் ஆட அப்பாவிடம் வாங்கும் அனுமதிச் சீட்டு அது.

ஆகவே மாவட்ட லீக், கல்லூரிப் போட்டி, காலனி டோர்னமென்ட் எதுவானாலும் நடத்துபவர்களுக்கு என் யோசனை இதுதான். ஓட்டை அம்பயர்களிடமும் ஸ்கோரரிடமும் கொடுங்கள். ஆஸ்திரேலியக் கால்பந்தில் பிரவுன்லோ பதக்கத்துக்கு 1924 முதல் நடுவர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். இன்றைக்கு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் 3, 2, 1 என்று மூன்று பேருக்குப் புள்ளி எழுதிக் கொடுக்கிறார்கள். நமக்கு ஒரு மேட்சுக்கு அரைப் பக்கத் தாள் செலவு. லீக் சுற்று முடிந்த அன்றே எண்ணி, முதலில் வந்தவர் பெயரை மட்டும் அறிவிக்காமல் முழுப் பட்டியலையும் மைதானத்துப் பலகையில் ஒட்டுங்கள். வயதைக் கேட்காதீர்கள்; முதல் வருடமா, இரண்டாம் வருடமா என்று கேளுங்கள். பணம் கொடுத்தவருக்கு மேடையில் சால்வை போடுங்கள், மாலை போடுங்கள், கோப்பையை அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு என்பதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.