ஒரு டபிள்யூவுக்கு இத்தனை ஒப்பாரியா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை ஒரே ஒரு எழுத்து படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மார்க் பட்டியலில் ஏ, பி என்று கிரேடு இருக்க வேண்டிய இடத்தில் 'டபிள்யூ' என்று இருக்கும். செமஸ்டர் நடுவில் அந்தப் பாடத்தை விட்டு விலகிவிட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் 'அவ்வளவுதான்' என்பதை நம்பத்தான் யாரும் தயாராக இல்லை!

முதலில் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போவது அம்காஸ் என்ற பொதுச் சேவை வழியாக. விலகிய பாடத்தையும் அதில் எழுதியாக வேண்டும். மறைக்க நினைப்பது முட்டாள்தனம், ட்ரான்ஸ்கிரிப்ட் கல்லூரியிலிருந்தே போய்விடும். ஆனால் வெறும் டபிள்யூ ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. 60 கிரெடிட்டில் 3.7 வைத்திருப்பவர் நாலு கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எஃப் வாங்கினால் 3.47க்கு இறங்கிவிடுவார். திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் அம்காஸ் இரண்டையுமே கணக்கில் வைப்பதால் 3.5தான். முதலிலேயே விலகி, பிறகு எடுத்து ஏ வாங்கியிருந்தால் 3.72!

இது தெரிந்தும் "டபிள்யூ விழுந்தால் டாக்டர் கனவு காலி" என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். அதை நம்பி, மூழ்கும் படகை விட்டு இறங்காமல் எஃப் வரை போகிறவர்கள் உண்டு. இந்த பயத்துக்கு அதுதான் விலை.

இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. முதல் வாரத்திலேயே பாடத்தைக் கைவிட்டால் பொதுவாக எந்த அடையாளமும் விழாது. மிட்டெர்ம் வரை முட்டி மோதிப் பார்த்துவிட்டு விலகுகிறவனுக்குத்தான் டபிள்யூ. விவரம் சொல்ல வீட்டில் ஆள் இருப்பவன் முதல் வாரமே தப்பித்துவிடுவான். இரவு வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கும், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளை மாட்டிக்கொள்ளும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்த கூத்து, விளக்கம். 'ஏன் டாக்டராக வேண்டும்' என்று எழுதத் தரும் இடம் இடைவெளி சேர்த்து 5,300 எழுத்து. அதில் பாதியை ஒற்றை டபிள்யூவுக்கு மன்னிப்புக் கேட்டே தீர்ப்பது எந்த ஊர் நியாயம்? இன்னும் மோசம், நன்றாக இருக்கிற பாட்டியை விண்ணப்பத்தில் சாகடிப்பது! உயிரைக் காப்பாற்றப் போகிற தொழிலுக்கு இப்படியா பிள்ளையார் சுழி போடுவது?

"கேட்டால் என்ன சொல்வது?" என்பார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டும். "அந்த செமஸ்டரில் வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தேன். இரண்டையும் சமாளிக்க முடியவில்லை. அடுத்த வருடம் அதே பாடத்தை எடுத்து முடித்தேன்." தீர்ந்தது விஷயம். ப்ரொஃபசர் சரியில்லை என்ற புலம்பல் வேண்டாம். கண்ணீர் வேண்டவே வேண்டாம்.

டபிள்யூ எதற்குமே கேள்வி கூடாது என்பதல்ல வாதம். ஒவ்வொரு செமஸ்டரிலும் கெமிஸ்ட்ரி வரும்போதெல்லாம் ஒருவர் விலகினால், கமிட்டி கேட்கத்தான் செய்யும், கேட்கவும் வேண்டும். டெக்சாஸில் 2007ல் வந்த சட்டப்படி அரசுக் கல்லூரி மாணவர்கள் பொதுவாக ஆறு பாடங்களுக்கு மேல் விலகக் கூடாது. ஆறு என்று வரம்பு போட்டவர்களே ஒன்றிரண்டு சகஜம் என்று ஒத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

கடைசியாக ஒன்று. தன்னால் முடியாத கேஸை "இது எனக்கு மேலே, வேறு டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல டாக்டர். கௌரவம் பார்த்துக் கத்தியைக் கீழே வைக்காதவரிடம் யார் படுப்பார்கள்? சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிந்த மாணவனைத் தலைகுனிய வைத்துவிட்டு, நாளைக்கு அவனிடம் அந்தத் துணிச்சலை எதிர்பார்ப்பது எப்படி?